எல்லோர் ஊரிலும் ஒரே ஆறு

கல்லூரி முதலாமாண்டு ஆங்கிலத் தாளில் ‘மை வில்லேஜ்’ என்று தலைப்புக் கொடுத்து ஒரு பத்தி எழுதச் சொல்லிப் பாருங்கள். விடைத்தாள் கட்டைப் பிரித்தால், தமிழ்நாட்டில் ஒரே ஒரு கிராமம்தான் இருக்கிறதோ என்று தோன்றும். அந்தக் கிராமத்தில் வயல்கள் பச்சைப் பசேலென்று இருக்கும். நடுவில் ஓர் ஆலமரம், ஓரத்தில் ஓர் ஆறு. மக்கள் கள்ளங்கபடம் அறியாதவர்கள். ஊர் அமைதியாக இருக்கும். பொதட்டூர்பேட்டையிலிருந்து வரும் மாணவியும் இதையேதான் எழுதுவாள். விசைத்தறிச் சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரரைக்கூட உரக்கக் கூப்பிட வேண்டிய ஊர் அது. பள்ளிப்பட்டு மாணவனும் இதையேதான் எழுதுவான். ஆந்திரத்துக் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்துவிட்டால் கொசஸ்தலையில் வெள்ளம் வந்து தரைப்பாலம் மூழ்கும் பக்கம் அவனுடையது. உண்மையாகவே அவன் ஊருக்கு அருகில் ஆறு இருக்கிறது. ஆனால், அவன் விடைத்தாளில் ஓடுவது அந்த ஆறு அல்ல. கைடில் ஓடும் ஆறு.

அந்தப் பத்தியில் பிழை குறைவாகத்தான் இருக்கும். மனப்பாடம் செய்ததை அப்படியே இறக்கி வைக்கும்போது பிழை வர வழியில்லை. நடுவில் ஒரு வரி மறந்துபோனால்தான் சிக்கல். மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். அதே மாணவி மூன்றாம் ஆண்டு முடித்து, இருங்காட்டுக்கோட்டையிலோ ஒரகடத்திலோ ஒரு நிறுவனத்தின் நேர்முகத்துக்குப் போகிறாள். ‘உங்களைப் பற்றி ஐந்து வரி எழுதுங்கள்’ என்று ஒரு வெள்ளைத்தாளை நீட்டினால் திகைத்துப்போகிறாள். உடனே எல்லோருமாகச் சேர்ந்து தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்: அரசுக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வரவில்லை, அடிப்படை இலக்கணமே தெரியவில்லை, ஆகவே மறுபடியும் முதலிலிருந்து இலக்கணம் நடத்த வேண்டும்.

இந்தத் தீர்ப்பு தவறு என்பது என் கட்சி. அவளுக்கு வராமல் போனது ஆங்கிலம் மட்டும் அல்ல. ‘நீ பார்த்ததை, நீ நினைத்ததை, உன் வாக்கியத்தில் எழுது’ என்று பள்ளியில் எந்த மொழியிலும் அவளை யாரும் கேட்டதில்லை. தமிழ்த் தாளிலும் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று கட்டம் போட்டு, உட்தலைப்பும் கொடுத்து, அதை நிரப்பித்தான் அவளுக்குப் பழக்கம். தமிழிலேயே சொந்தமாக ஒரு பத்தி எழுதியிராதவள் ஆங்கிலத்தில் எப்படி எழுதுவாள்? ‘வாய்ஸ்’ மாற்றுவதைப் பத்தாவது முறையாக நடத்தினால் இந்தக் குறை தீர்ந்துவிடாது.

பொதட்டூர்பேட்டைக்கும் பள்ளிப்பட்டுக்கும் பக்கத்திலுள்ள திருத்தணியை வைத்து இதைப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. முருகன் கோயில் மலைக்கு மட்டும் பேர்போன ஊரல்ல அது. இந்தியர் ஒருவர் எழுதிய ஆங்கில உரைநடையை உலகம் உட்கார்ந்து படித்ததே, அந்த உரைநடைக்காரர் பிறந்த ஊரும் அதுதான். சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1888 செப்டம்பர் 5 அன்று திருத்தணியில் தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்தார். திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளி, வேலூரில் ஊரீஸ் கல்லூரி, பிறகு சென்னைக் கிறித்தவக் கல்லூரி என்று படித்தார். 1936இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்பால்டிங் பேராசிரியராக அமர்ந்தார். ஆண்டுதோறும் ஆசிரியர் தினத்தன்று இந்தப் பட்டியலை மாணவர்கள் ஒப்பிக்கக் கேட்கிறோம். ஒப்பித்து முடித்ததும் கைதட்டிவிட்டுக் கலைந்துவிடுகிறோம். அவர் எப்படி எழுதக் கற்றார் என்று யாரும் கேட்பதில்லை.

கிறித்தவக் கல்லூரியில் எம்.ஏ. படித்தபோது, இருபது வயதில், வேதாந்தத்தின் அறநெறியைப் பற்றி ஓர் ஆய்வேடு எழுதினார் ராதாகிருஷ்ணன். வேதாந்தத்தில் அறத்துக்கு இடமே இல்லை என்று அந்நாளில் மிஷனரிகள் சொல்லிவந்தார்கள். அது இளைஞரை உறுத்தியது. பதில் சொல்லியாக வேண்டும் என்று எழுதினார். அதைப் படித்த அவருடைய ஆசிரியர் ஏ.ஜி. ஹாக், தாமே ஒரு மிஷனரி. சிக்கலான வாதத்தை எளிதாகக் கையாளும் ஆற்றல் இந்த மாணவரிடம் இருக்கிறது என்று பாராட்டிச் சான்று எழுதினார். நல்ல ஆங்கிலத்தில் சராசரிக்கு மேற்பட்ட தேர்ச்சி உண்டு என்பதையும் அதோடு சேர்த்துச் சொன்னார். வாதம் முதலில், ஆங்கிலம் அடுத்தது. சொல்வதற்கு ஒரு விஷயம் இருந்தது. அதைப் படித்துப் பார்த்து, ‘சரி’ என்றோ ‘இல்லை’ என்றோ சொல்ல ஓர் ஆசிரியர் இருந்தார். இந்த இரண்டும்தான் இன்றைய முதலாமாண்டு வகுப்பில் இல்லாதவை. ராதாகிருஷ்ணனின் மேதைமையை எல்லோருக்கும் பங்குபோட்டுத் தர முடியாது. இந்த இரண்டையும் தர முடியும்.

மூன்று மொழி நடமாடும் ஊர்

திருத்தணிக்கு மொழிப் பிரச்சினை புதிதல்ல. 1953இல் ஆந்திரம் தனி மாநிலமானபோது இந்தப் பகுதி சித்தூர் மாவட்டத்தோடு அங்கே போய்விட்டது. ம.பொ.சி. நடத்திய வடக்கெல்லைப் போராட்டமும், பிறகு எல்லைத் தகராறில் நடுவரான படாஸ்கர் தந்த தீர்வும் சேர்ந்து, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியைச் சென்னை மாநிலத்துக்குக் கொண்டுவந்தன. எல்லைக்கோடு இடம் மாறியதே தவிர, பேச்சு மாறவில்லை. இன்றும் இந்த வட்டாரத்தில் வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், தேர்வில் ஆங்கிலம் என்று வாழும் பிள்ளைகள் பலர். மூன்று மொழியை நாளெல்லாம் மாற்றி மாற்றிப் பேசும் பிள்ளைக்கு ‘மொழியறிவு குறைவு’ என்று பட்டம் கட்டுவது எனக்கு வேடிக்கையாகவே படுகிறது.

அந்தப் போராட்டக் காலத்து மனிதர் ஒருவரை இங்கே நினைக்க வேண்டும். வடக்கெல்லை இயக்கத்தில் முன்னின்ற மங்கலங்கிழார், மேடைப் பேச்சோடு நின்றவரல்ல. இந்த வட்டாரத்தின் ஊர்களுக்குப் போய்த் தமிழ் இலக்கணமும் இலக்கியமும் கற்பித்தவர். இந்தப் பகுதி தமிழ்ப் பகுதிதான் என்று வாதாடுவதோடு நிற்காமல், இங்கிருப்பவர்கள் தமிழில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே நினைத்தவர். இலக்கணத்தை ஊர் ஊராகக் கொண்டுபோன ஒருவர் நடமாடிய மண்ணில் நின்றுகொண்டு, ‘இந்தப் பிள்ளைகளுக்கு இலக்கணம் ஏறாது’ என்று சொல்ல நமக்கு நா எழக் கூடாது.

ஆங்கிலத்தை எங்கே வைக்க வேண்டும் என்பதிலும் இந்த ஊருக்கு ஒரு தெளிவு உண்டு. ஒவ்வோராண்டும் டிசம்பர் 31 அன்று மலையின் 365 படிகளுக்கும் பூசை செய்து, திருப்புகழ் பாடிக்கொண்டு மேலே ஏறும் படித்திருவிழாவைத் தொடங்கிவைத்தவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். ஆங்கிலப் புத்தாண்டில் மாலையும் பழமுமாக வெள்ளைக்காரத் துரைமார்களின் வாசலில் போய் நின்ற கூட்டத்தை முருகன் வாசலுக்குத் திருப்பவே அவர் இதைச் செய்தார் என்பார்கள். ஆங்கிலக் காலண்டரை அவர் ஒழிக்கவில்லை. அதைத் தன் வேலைக்கு எடுத்துக்கொண்டார். கல்லூரியில் ஆங்கிலத்தை அணுகவும் எனக்கு இதைவிட நல்ல வழி தெரியவில்லை.

சுப்பிரமணிய சுவாமியின் பெயரால் திருத்தணியில் ஓர் அரசு கலைக் கல்லூரி இயங்குகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. இதுபோன்ற கல்லூரிகளில் இப்போது யார் படிக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். 2021–22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்வி ஆய்வறிக்கையின்படி, தமிழ்நாட்டில் உயர்கல்வி சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு; நாட்டின் சராசரி 28.4 மட்டுமே. 2022 செப்டம்பர் 5 அன்று, ராதாகிருஷ்ணன் பிறந்த நாளில், புதுமைப்பெண் திட்டம் தொடங்கியது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். 2024 ஆகஸ்டில் ஆண்களுக்குத் தமிழ்ப்புதல்வன் வந்தது. அம்மையார்குப்பத்துத் தறிவீட்டுப் பெண்ணும், ஆர்.கே.பேட்டைப் பக்கத்து விவசாயியின் மகனும் குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரி வாசலை மிதிக்கிறார்கள். வாசல்வரை கொண்டுவந்து சேர்த்தாயிற்று. உள்ளே ‘பகுதி இரண்டு’ எனப்படும் ஆங்கில வகுப்பில் அவர்களுக்கு என்ன கிடைக்கிறது?

எத்தனை முறை சாவான் ராவணன்?

‘ராமா கில்ட் ராவணா’ என்பதை ‘ராவணா வாஸ் கில்ட் பை ராமா’ என்று மாற்ற நடுநிலைப் பள்ளியில் கற்றுக்கொடுக்கிறார்கள். உயர்நிலைப் பள்ளியில் மீண்டும். மேல்நிலையில் மீண்டும். கல்லூரிக்கு வந்த பிறகும் அதே ராவணன், அதே ராமன். எத்தனை முறைதான் அவன் சாவான்! இவ்வளவுக்குப் பிறகும், காய்ச்சலுக்கு விடுப்புக் கேட்டு இரண்டு வரி எழுத மாணவர் பக்கத்து இருக்கையை எட்டிப் பார்க்கிறார். மாற்றத் தெரியும், உண்டாக்கத் தெரியாது.

இந்தப் பயிற்சி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் கொஞ்சம் விளங்கும். ரென் அண்ட் மார்ட்டின் என்ற பெயரைக் கேட்டாலே நம் வீட்டுப் பெரியவர்கள் எழுந்து நிற்பார்கள். 1930களில் வந்த அந்த இலக்கணப் புத்தகம், இந்தியாவில் இருந்த ஆங்கிலேய அதிகாரிகளின் பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பார்கள். அந்தப் பிள்ளைகள் வீட்டில் ஆங்கிலம் பேசியவர்கள். வாயில் இருந்த மொழியைப் பிரித்துப் பார்த்து, இது இன்ன சொல், இது இன்ன தொடர் என்று பெயரிடக் கற்றுக்கொள்ள அந்தப் புத்தகம் உதவியது. நன்னூலும் அப்படித்தான்: தமிழ் பேசத் தெரிந்தவருக்குத் தமிழின் ஒழுங்கைக் காட்டுகிறது. கையில் மொழியே இல்லாதவரிடம் பிரித்துப் பார்க்கும் கருவியை மட்டும் கொடுத்தால், அவர் எதைப் பிரிப்பார்? புத்தகத்தின் மீது பழியில்லை. யாருக்காக எழுதியதோ, அவர்களை விட்டுவிட்டு வேறு யாருக்கோ அதைப் பாடமாக வைத்தவர்கள் மீதுதான்.

மாணவர் செய்யும் பிழைகளைக் கூர்ந்து பார்த்தால், அவை கண்டபடி வருபவை அல்ல. ‘மை ஃபாதர் வீவர்’ என்று ஒருவர் எழுதுகிறார். ‘இஸ்’ எங்கே என்று சிவப்பு மையால் வட்டம் போடுகிறோம். தமிழில் ‘என் அப்பா நெசவாளி’ என்பது முழு வாக்கியம். அதில் வினைச்சொல் இல்லை, தேவையும் இல்லை. தெலுங்கிலும் அப்படித்தான். ‘நேற்று சந்தைக்குப் போனேன்’ என்பதில் ‘நான்’ இல்லை. ‘போனேன்’ என்பதற்குள்ளேயே அந்த ஆள் இருக்கிறார். அதனால்தான் ‘யெஸ்டர்டே வென்ட் டு மார்க்கெட்’ என்று ‘ஐ’ இல்லாமல் வருகிறது. ‘எனக்குத் தலை வலிக்கிறது’ என்பதில் வலிப்பது தலை. எனக்கு அது நேர்கிறது. ஆங்கிலத்தில் தலைவலி ‘நான் வைத்திருக்கும்’ பொருளாகிவிடுகிறது. ‘போய், பார்த்து, பேரம் பேசி, வாங்கிவந்தேன்’ என்று வினையெச்சங்களைக் கோத்துக்கொண்டே போகலாம், கடைசியில் ஒரே ஒரு முற்று போதும். ஆங்கிலத்தில் அந்த ஓட்டத்தைக் கொண்டுவரத் தெரியாமல், மாணவர் ஒன்று ‘அண்ட் அண்ட்’ என்று இழுக்கிறார், அல்லது துண்டு துண்டாக வெட்டிப் போடுகிறார்.

இந்த நான்கு இடங்களையும் தமிழை அருகில் வைத்து ஒப்பிட்டுச் சொன்னால் முதலாமாண்டு மாணவருக்குச் சட்டென்று புரியும். தான் முட்டாள் இல்லை, தன் மொழியின் ஒழுங்கை வேறொரு மொழியில் தேடியிருக்கிறோம் என்று தெரிந்ததும் பாதிப் பயம் போய்விடும். ஆங்கில வகுப்பில் தமிழே பேசக் கூடாது என்று தடை போடுகிறவர்கள் இந்த வசதியைக் கையால் தட்டிவிடுகிறார்கள்.

இன்னொரு பிழை இருக்கிறது, எல்லோரையும் எரிச்சல்படுத்துவது: ‘ஹி கோ’, ‘ஷி வொர்க்’. கடைசி ‘ஸ்’ விட்டுப்போவது. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பவர்களிடம் 1970களில் நடந்த ஆய்வுகள், தாய்மொழி எதுவாக இருந்தாலும் இந்த ‘ஸ்’ தாமதமாகவே வந்து ஒட்டுகிறது என்று காட்டின. தாமதமாக வருவதை முதல் பருவத்திலேயே மதிப்பெண் குறைத்து வரவழைக்க முடியாது. வேடிக்கை என்னவென்றால், ‘அவன் வந்தான், அவள் வந்தாள், அது வந்தது’ என்று ஆளுக்கும் பாலுக்கும் ஏற்ப வினையை மாற்றுவதில் இந்தப் பிள்ளைகள் தவறுவதே இல்லை. ஆங்கிலம் கேட்பது அதில் ஒரு துளிதான்.

அப்படியானால் இலக்கணத்தையே விட்டுவிடலாமா? அப்படியும் ஒரு சோதனை நம் பக்கத்திலேயே நடந்தது. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் பள்ளி வகுப்புகளில் ஒரு புது வழியைச் சோதித்தார். வகுப்பில் இலக்கண விதி எதையும் நடத்துவதில்லை. ரயில் கால அட்டவணையைக் கொடுத்து, இன்ன நேரத்துக்கு இன்ன ஊருக்குப் போக எந்த வண்டி பிடிக்க வேண்டும் என்று கேட்பது. வரைபடத்தைக் கொடுத்து வழி கேட்பது. பிள்ளைகள் கணக்குப் போடும் கவனத்தோடு மொழியில் இறங்குவார்கள். இலக்கணம் அந்தப் போக்கில் தானாகப் படியும் என்பது அவருடைய எண்ணம். 1987இல் அவர் எழுதிய புத்தகம் உலகமெங்கும் மொழியாசிரியர் பயிற்சியில் இன்றும் பேசப்படுகிறது. அரக்கோணம்–ரேணிகுண்டா பாதையில் இருக்கும் திருத்தணியில் ரயில் அட்டவணைக்குப் பஞ்சமில்லை. கல்லூரி வகுப்பில் யாரும் அதை எடுத்துக்கொண்டு போவதாகத் தெரியவில்லை. பிரபுவை முழுவதும் ஏற்க வேண்டும் என்று சொல்லமாட்டேன். பதினெட்டு வயது மாணவருக்கு ஒரு விதியை விளக்கிச் சொன்னால் புரிந்துகொள்ளும் வயது வந்துவிட்டது. அதை மறைத்துவைக்கத் தேவையில்லை. ஆனால், மாணவரின் கவனம் முதலில் சொல்லும் விஷயத்தில் இருக்க வேண்டும், விதி பின்னால் வர வேண்டும் என்று அவர் போட்ட வரிசை சரியானது.

தறிவீட்டுப் பத்தி

பொதட்டூர்பேட்டை மாணவி கைடை மூடிவைத்துவிட்டு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ‘அவர் லூம் ஸ்டார்ட்ஸ் அட் சிக்ஸ். மை மதர் ஸ்டாண்ட் நியர் த லூம். இஃப் த்ரெட் பிரேக், ஷி ஜாயின். இன் பவர்கட் டைம், அவர் ஸ்ட்ரீட் பிகம் சைலன்ட். தென் ஒன்லி மை கிராண்ட்மதர் ஹியர் வாட் வீ ஆர் சேயிங்.’

பழைய கண்ணால் பார்த்தால் ஐந்து வரியில் ஐந்து பெரிய பிழைகள். ஆனால், ஐந்தும் ஒரே பிழை: நாம் சற்று முன் பேசிய அந்த ‘ஸ்’. ஒரே ஒரு விதியை அவளுக்கு ஒருமுறை நினைவூட்டினால் ஐந்து இடமும் அவளே திருத்திவிடுவாள். முதல் வரியில் சரியாகத்தான் போட்டிருக்கிறாள். இப்போது விஷயத்தைப் பாருங்கள். தறி ஓடும் வீடு, அறுந்த நூலைப் பிணைக்கும் அம்மா, மின்வெட்டில் அடங்கும் தெரு, அப்போது மட்டும் காது கேட்கும் பாட்டி. காலம் இருக்கிறது, காரணம் இருக்கிறது, கடைசி வரியில் ஒரு திருப்பம் இருக்கிறது. இதை எழுதத் தெரிந்தவளுக்குப் பத்தி எழுதும் கலை ஏற்கெனவே கைவந்துவிட்டது. மிச்சமெல்லாம் மெருகு. பிழையே இல்லாத ஆலமரக் கிராமத்துக்குப் பத்தில் எட்டும், இதற்கு மூன்றும் போடுகிற தேர்வுமுறையைத்தான் மாற்ற வேண்டும்.

பத்தி என்றால் என்ன என்பதற்கு ஆங்கிலப் பாடநூல்கள் ஒரு விதி சொல்லும்: முதல் வரியில் மையக் கருத்து, பின்வரும் வரிகளில் அதற்குத் துணை, எல்லாம் ஒரே பொருளைப் பற்றி. இந்த விதியை வகுத்துக் கொடுத்தவர் ஸ்காட்லாந்துக்காரர் அலெக்சாண்டர் பெய்ன். 1866இல் வந்த அவருடைய கட்டுரைப் பயிற்சி நூலிலிருந்து உலகம் முழுவதும் பரவியது. நம் மாணவர்கள் அதைப் புது மந்திரம்போல எழுதிவைத்துக்கொள்கிறார்கள். பவணந்தி முனிவர் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே ஒரு நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் நன்னூலில் வகைப்படுத்திவிட்டார். பழம்பெருமை பேச இதை இழுக்கவில்லை. அந்தக் குற்றங்களின் பெயர்கள் அப்படியே நம் விடைத்தாள்களின் ஓரத்தில் எழுதத்தக்கவை. சொன்னதையே சொன்னால், கூறியது கூறல். தறியைப் பற்றித் தொடங்கி திருவிழாவுக்குப் போய்விட்டால், மற்றொன்று விரித்தல். முதல் மூன்று வரி நன்றாக வந்து, பிறகு பக்கத்தை நிரப்ப இழுத்தால், சென்று தேய்ந்து இறுதல். முன்னுக்குப் பின் முரணானால், மாறுகொளக் கூறல். அழகுகளில் முறையின் வைப்பும் விளங்கும் உதாரணமும் இருக்கின்றன. ஆங்கில ஆசிரியர் ஒரு பருவம் முழுவதும் சொல்லத் தவிக்கும் செய்தி, ‘பகுதி ஒன்று’ எனப்படும் தமிழ் வகுப்பில் தமிழாசிரியர் கையில் ஏற்கெனவே இருக்கிறது.

இருவரும் ஒரே கல்லூரியில்தான் இருக்கிறார்கள். ஒரே வாரத்தில் ஒரே பொருளைக் கொடுத்தால் என்ன? திங்கள்கிழமை தமிழ் வகுப்பில் ‘தரைப்பாலம் மூழ்கிய நாள்’ என்று தமிழில் ஒரு பத்தி. அதில் வரிசையும் தெளிவும் சரியானதும், வியாழக்கிழமை அதே பொருளை ஆங்கிலத்தில், மொழிபெயர்க்காமல், மறுபடி எழுதுவது. ஆடிக்கிருத்திகைக் காவடிக் கூட்டத்தில் கடை போட்ட மாமா, எல்லை தாண்டி நகரிச் சந்தைக்குப் போய்வந்தது என்று பொருளுக்கா பஞ்சம்? இதற்குப் புதுப் பாடநூல் வேண்டாம். இரண்டு துறைத் தலைவர்கள் ஒரு மாலை உட்கார்ந்து பேசினால் போதும். கல்லூரி வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு அதுதான் எல்லாவற்றிலும் கடினமானது என்று தெரியும்!

யார் படிப்பது?

இங்கேதான் நியாயமான கேள்வி வரும். அறுபது பேர் எழுதினால் யார் படிப்பது? ஒரு பத்தியைக் கவனமாகப் படித்து ஒரு வரி குறிப்பு எழுத மூன்று நிமிடம் என்றால், அறுபதுக்கு மூன்று மணி நேரம். நான்கு வகுப்பு எடுக்கும் ஆசிரியருக்கு வாரம் பன்னிரண்டு மணி நேரம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி உதவிப் பேராசிரியர் வாரம் 16 மணி நேரம் நேரடியாக வகுப்பு எடுக்க வேண்டும். அதற்கு மேல் பன்னிரண்டா என்று அவர் கேட்டால் குற்றம் சொல்ல முடியாது. அரசுக் கல்லூரிகளில் பாதிச் சுமையைத் தாங்கிக்கொண்டிருக்கும் கௌரவ விரிவுரையாளர்களிடம், வேலை நிரந்தரமும் இல்லாமல் சம்பளமும் போதாமல், இதையும் இலவசமாகச் செய்யுங்கள் என்று கேட்பது அநியாயம்.

ஆனால், கணக்கைக் கொஞ்சம் மாற்றிப் போடலாம். எல்லோரும் வாரந்தோறும் எழுதட்டும். ஆசிரியர் ஒரு வகுப்புக்கு வாரம் பதினைந்து தாள் மட்டும் படிக்கட்டும். முக்கால் மணி நேரம். நான்கு வகுப்புக்கு மூன்று மணி நேரம். ஒவ்வொரு மாணவரின் எழுத்தும் மாதம் ஒருமுறை ஆசிரியர் கண்ணில் படும். நான்கு பருவங்களில் ஏறக்குறைய பதினைந்து பத்திகள். தேர்வுத் தாளைத் தவிர ஓர் ஆசிரியர் தன் எழுத்தைப் படித்தார் என்ற அனுபவமே இல்லாமல் பட்டம் வாங்குகிறவர்களுக்கு இந்தப் பதினைந்து பெரிய எண்ணிக்கை. அந்த மூன்று மணி நேரத்தைப் பணிச்சுமையில் கணக்கிட வேண்டும் என்பதுதான் முக்கியம். அறிவியல் துறையில் ஆய்வகத்துக்கு நேரம் ஒதுக்குகிறோம். எழுத்துக்கும் ஒதுக்குவதில் தவறென்ன?

இதுவும் புது யோசனை அல்ல. ராதாகிருஷ்ணன் தலைமையில் 1948–49இல் அமைந்த பல்கலைக்கழகக் கல்வி ஆணையம், சிறு குழுக்களாக மாணவரோடு உட்காரும் டுடோரியல் முறையை எல்லாக் கல்லூரிகளிலும் வளர்க்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. நாமோ டுடோரியலைப் பத்தாம் வகுப்பில் தோற்றவர்களின் விதியாக்கிவிட்டோம். பயிற்றுமொழி மெல்ல இந்திய மொழிகளுக்கு மாற வேண்டும், ஆங்கிலத்தை மொழியாகத் தொடர்ந்து படிக்க வேண்டும் என்ற நிலைப்பாட்டையும் அதே ஆணையம்தான் எடுத்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி என்று அது நினைக்கவில்லை.

‘குரூப் 4 எழுதப்போகிறவனுக்குத் தமிழ்தான் தகுதித் தாள், ஆங்கிலப் பத்தி எதற்கு?’ என்று சிலர் கேட்பார்கள். அரசு அலுவலகத்தில் உட்கார்ந்து ஒரு மனுவின் சாரத்தைக் குறிப்பாக எழுதுவதற்கும் பத்தி வேண்டும்; தமிழில் வேண்டும். மொழி எதுவானாலும் பயிற்சி ஒன்றுதான். ‘பேசத் தெரிந்தால் போதாதா?’ என்பது இன்னொரு கட்சி. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளின் பிழைப்பே அதை வைத்துத்தான் நடக்கிறது. பேச்சு பறந்துவிடும், எழுதியது கண் முன்னால் நிற்கும், எங்கே தடுக்கியது என்று திரும்பிப் பார்க்கலாம். 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் ஆங்கிலப் பயிற்சியையும் சேர்த்துத் தருகிறது. நல்லதே. ஆனால், கணினித் திரையில் விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்ச்சியும் வெள்ளைத்தாளில் முதல் வரியைத் தொடங்கும் துணிச்சலும் ஒன்றல்ல.

2023ஆம் ஆண்டின் ஏசர் கல்வி ஆய்வறிக்கை 14 முதல் 18 வயதுவரையுள்ள ஊரகப் பிள்ளைகளைச் சோதித்தது. ஆங்கில வாக்கியங்களை வாசிக்க முடிந்தவர்கள் 57.3 விழுக்காடு. அப்படி வாசித்தவர்களிலும் ஏறக்குறைய நான்கில் ஒருவரால் பொருள் சொல்ல முடியவில்லை. ஓசை வருகிறது, உள்ளே எதுவும் போகவில்லை. மனப்பாடத்தில் வளர்ந்த ஆங்கிலத்தின் மறுபக்கம் இது.

கைபேசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘மை வில்லேஜ்’ என்று தட்டினால் சில நொடியில் பிழையற்ற பத்தி வந்து விழுகிறது. அதில் பிழை இருக்காது, பொதட்டூர்பேட்டையும் இருக்காது. மனப்பாடப் பத்திக்கு இதுவரை இருந்த ஒரே மரியாதை, அது தவறில்லாமல் இருந்தது என்பதுதான். இப்போது அந்த வேலையை இயந்திரம் இலவசமாகச் செய்கிறது. இனி அதற்கு மதிப்பெண் கொடுப்பது இயந்திரத்துக்குக் கொடுப்பதாகும். வகுப்பில், கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டு, இருபது நிமிடத்தில் கையால் எழுதிய ஐந்து வரிக்கே இனி மதிப்பு.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பாடத்திட்டக் குழு அடுத்த முறை கூடும்போது இரண்டு காரியம் செய்யலாம். பருவத் தேர்வில் ‘மை வில்லேஜ்’ வகைத் தலைப்புகளை எடுத்துவிட்டு, மாணவர் தன் ஊரிலிருந்து மட்டுமே விடை எழுதக்கூடிய கேள்விகளைக் கேட்கலாம். அகமதிப்பீட்டு மதிப்பெண்ணில் ஒரு பங்கை, பருவம் முழுவதும் எழுதித் திருத்திய பத்திக் கோப்புக்கு ஒதுக்கலாம். உயர்கல்வித் துறை தன் பங்குக்கு, பத்தி திருத்தும் மூன்று மணி நேரத்தை மொழியாசிரியர்களின் 16 மணி நேரப் பணிக்குள் சேர்த்து ஓர் அரசாணை வெளியிடட்டும். கௌரவ விரிவுரையாளர்களுக்கு அந்த நேரத்துக்கும் ஊதியம் கணக்கிடட்டும்.